எலி எதைத் தாங்கியது? ‘தோல்’ என்னும் வடபுல வினைச்சொல் குறித்து

கேள்வி: ஏர்முனையில் கூடு சிதைந்துபோன சுண்டெலியைப் பார்த்து ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பாடிய கவிதையைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் ‘டு தோல் த வின்டர்ஸ் ஸ்லீட்டி ட்ரிபிள்’ என்று ஓர் அடி வருகிறது. என்னிடம் உள்ள கையகராதி, ‘தோல்’ என்றால் படகில் துடுப்பைப் பொருத்தும் முளை என்று மட்டுமே சொல்கிறது. நண்பர் ஒருவரோ, அது ‘டாலரேட்’ என்பதன் நாட்டுப்புறச் சிதைவு என்கிறார். எது சரி? தமிழில் எந்த வினையை இடுவது? நான் எழுதும் ஆங்கிலத்திலும் இதைக் கையாளலாமா?

பதில்: உங்கள் அகராதி பொய் சொல்லவில்லை. நீங்கள் தேடிய சொல்லை விட்டுவிட்டு, அதே எழுத்துக்கூட்டல் கொண்ட வேறொரு சொல்லைக் காட்டியிருக்கிறது, அவ்வளவுதான். துடுப்பு வலிக்கும்போது அது நழுவாமல் இருக்கப் படகின் விளிம்பில் அடித்திருக்கும் முளையைக் குறிப்பது ஒரு பெயர்ச்சொல். பர்ன்ஸின் அடியில் நிற்பது, துன்பத்தைத் தாங்குதல் என்னும் பொருளுடைய வினைச்சொல். பழைய ஆங்கிலத்திலேயே இவ்விரண்டும் தனித்தனிச் சொற்களாக இருந்தவை. இன்றைய பொது ஆங்கிலத்தில் வினை வழக்கொழிந்து பெயர் மட்டும் தங்கிவிட்டதால், சிறிய அகராதிகள் முளையோடு நின்றுவிடுகின்றன.

முதலில் ஒலிப்பு. ஆங்கிலத்தில் மூன்று என்னும் எண்ணைக் குறிக்கும் சொல்லின் முதலொலியோடு தொடங்கி, ‘ஹோல்’ என்பதோடு எதுகையாக முடியும். தமிழ் எழுத்தில் எழுதினால் அது உடம்பின் தோலாகிவிடுகிறது. அதற்கு என்னால் ஒன்றும் செய்ய இயலவில்லை, மேற்கோள் குறிக்குள் வைத்துத்தான் எழுதவேண்டியிருக்கிறது. இறந்தகால வடிவம் ‘தோல்ட்’.

நண்பர் சொன்னது தவறு என்றாலும், அவருடைய செவி சரியான ஒன்றைக் கேட்டிருக்கிறது. ‘டாலரேட்’ என்னும் சொல் 16ஆம் நூற்றாண்டில் இலத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. ‘தோல்’ அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ‘தோலியன்’ என்ற வடிவில் பழைய ஆங்கிலத்தில் வாழ்ந்த சொல். ஆகவே பின்னால் வந்ததன் சிதைவாக முன்னது இருக்க முடியாது. இரண்டும் இந்தோ-ஐரோப்பிய மொழிகளுக்குப் பொதுவான ஒரு தொல்வேரிலிருந்து வெவ்வேறு வழியாக இறங்கிவந்த பங்காளிச் சொற்கள். பொறுமையைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லான ‘கெடுல்ட்’, தாங்குதலைக் குறிக்க ஸ்வீடன் மக்கள் இன்றும் அன்றாடம் சொல்லும் ‘டோலா’ ஆகியவையும் இந்தக் குடும்பத்தினவே. அந்த வேரின் பொருள் தூக்குதல், சுமத்தல் என்பது. எடை தூக்கும் தராசைக் குறிக்கும் ‘துலா’ என்ற சமஸ்கிருதச் சொல்லையும் மொழிநூலார் இதே வேரோடு சேர்ப்பார்கள். நம் துலாக்கோலும் துலாபாரமும் அங்கிருந்து வந்தவை. பாரத்தைத் தூக்கி நிறுத்துவதே இவ்வினையின் அடிப்படை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், மொழிபெயர்ப்பில் பாதி வேலை முடிந்துவிடும்.

பொருளின் நுட்பத்தை அறிய, பழைய ஆங்கிலக் காப்பியமான பேவுல்ஃப் நல்ல இடம். அங்கே இருட்டில் கிடக்கும் கிரெண்டல் என்ற அரக்கன், மன்னனின் மண்டபத்திலிருந்து நாள்தோறும் எழும் களிப்பொலியைக் கேட்டுக்கொண்டு வேதனையோடு ‘தோல்’ செய்கிறான். பிறகு அவன் வந்து வீரர்களைக் கொன்றுபோன மறுநாள், அதே மன்னன் ஹ்ரோத்கார் தன் ஆட்களை இழந்த துயரத்தோடு அமர்ந்து ‘தோல்’ செய்கிறான். அரக்கனுக்கும் அரசனுக்கும் ஒரே வினை. தள்ளிவிட முடியாத ஒன்று தன்மேல் வந்து இறங்கியிருக்க, அதன் கீழ் நிற்பதையே இவ்வினை சொல்கிறது. நிற்பவன் நல்லவனா தீயவனா என்பது பற்றி அதற்கு அக்கறை இல்லை. பழைய ஆங்கிலச் சட்ட வாசகங்களில் இதற்குத் ‘தண்டனையாக ஒன்றை இழத்தல்’ என்ற பொருளும் உண்டு. உடைமையை ‘தோல்’ செய்தவன் என்றால் உடைமை பறிபோனவன்.

14ஆம் நூற்றாண்டின் இறுதியில்கூட லண்டன்காரரான கவிஞர் சாஸர் இச்சொல்லை ஒரு வண்டிக்காரன் வாயில் வைத்திருக்கிறார். சேற்றில் சிக்கிய வண்டியோடு மல்லாடும் அவன், உங்களால் நான் ‘தோல்ட்’ செய்த துயரம் எவ்வளவு என்று தன் குதிரைகளைப் பார்த்துப் புலம்புகிறான். அதன் பின்னர், பிரெஞ்சு வழியாக வந்த ‘சஃபர்’, ‘என்ட்யூர்’ ஆகிய சொற்கள் தென்னிங்கிலாந்தில் இதன் இடத்தைப் பிடித்துக்கொள்ள, இச்சொல் வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் நிலைத்தது. ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர்களோடு கடல் கடந்து அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதிக்கும் போயிற்று. அங்கே டெரி மாவட்டத்தில் பிறந்த கவிஞர் ஷேமஸ் ஹீனி, பேவுல்ஃபைப் படிக்கையில் இந்த வினையைக் கண்டதும் தம் அத்தை பேசிய சொல் இது என்று திடுக்கிட்டதாக, 1999இல் வெளியான தம் மொழிபெயர்ப்பின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். எதிர்பாராத சாவு நேர்ந்த ஒரு குடும்பத்தைப் பற்றி, அவர்கள் ‘தோல்’ செய்யப் பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்று அந்த அத்தை சொல்வாராம். நம் ஊர்த் துக்க வீடுகளில் பெரியவர்கள் சொல்வதும் ஏறத்தாழ இதுவே என்பதால், இந்த எடுத்துக்காட்டு எந்த அகராதி விளக்கத்தைக் காட்டிலும் உங்களுக்கு உதவும்.

இனி தமிழ் வினைக்கு வருவோம். ‘பொறுத்துக்கொள்’ என்பதே முதலில் தோன்றும். ஆனால் இன்றைய தமிழில் அதற்கு மன்னித்தல் என்ற சாயலும் ஏறிவிட்டது. எலி குளிர்காலத்தை மன்னிக்கவில்லை. ‘அனுபவி’ என்பதில் இன்பமும் துன்பமும் கலந்துவிடும். ‘துன்புறு’ என்றால் வேதனை மட்டும் தெரியும், அதன் கீழ் நிற்கும் உறுதி தெரியாது. என் கருத்தில் ‘தாங்கு’ என்பதே மிக நெருங்கியது. சுமையைத் தாங்குவதும் துயரைத் தாங்குவதும் நமக்கு ஒரே சொல்லாக இருப்பதுபோலவே ‘தோல்’ என்பதன் வேரிலும் சுமையும் துயரும் ஒன்றாக இருக்கின்றன. ‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல’ என்று தொடங்கும் குறளில், தோண்டுபவரை நிலம் தாங்குகிறது. இகழ்பவரை மனிதன் பொறுக்கிறான். வள்ளுவர் இரண்டு வினைகளையும் எந்தெந்த இடத்தில் வைத்தார் என்று பாருங்கள். பர்ன்ஸின் எலிக்கு நிலத்தின் வினைதான் பொருந்தும்.

ஆனால் எல்லா இடத்துக்கும் ஒரே சொல் போதாது. ஒருவரைக் கண்டாலே ஆகாது என்னும் பொருளில், ‘ஐ கான்னி தோல் ஹிம்’ என்று ஸ்காட்லாந்துக்காரர் சொன்னால், அங்கே ‘அவனைச் சகிக்க முடியவில்லை’ என்பதே இயல்பு. இன்னொரு வழக்கு உண்டு: இன்னும் திருத்தத்துக்கு இடமுள்ள ஒன்றை, அது திருத்தத்தை ‘தோல்’ செய்யும் என்பார்கள். ‘இந்தக் குழம்பு இன்னும் கொஞ்சம் உப்புத் தாங்கும்’ என்று நம் வீட்டில் சொல்கிறோமே, அதே போக்கு. இவ்வளவு தொலைவிலுள்ள இரண்டு மொழிகள் இந்த இடத்தில் ஒரே மாதிரி நினைத்திருப்பதைக் கண்டு எனக்கு இன்றும் வியப்புத் தீரவில்லை. நீதிமன்றத் தொடர் ஒன்று மட்டும் விலக்கு. ஸ்காட்லாந்துக் குற்றவியல் சட்டத்தில் ஒருவர் தம் ‘அசைஸை’ ‘தோல்ட்’ செய்துவிட்டார் என்றால், அவர்மீதான குற்ற விசாரணை ஒருமுறை நடந்து முடிந்துவிட்டது, அதே குற்றத்துக்காக அவரை மீண்டும் விசாரிக்கக் கூடாது என்று பொருள். 2011இல் இயற்றப்பட்ட சட்டம் இதற்குச் சில விதிவிலக்குகளை வகுத்தது. இங்கே ‘தாங்கினார்’ என்று எழுதினால் வாசகர் குழம்புவார். ‘விசாரணைக்கு உட்பட்டு முடித்தவர்’ என்று விரித்துச் சொல்வதே முறை.

உங்கள் அடிக்குத் திரும்பினால், ‘பனிமழைத் தூறலைத் தாங்கிக் கிடக்க’ என்பது போதும் என்று நினைக்கிறேன். அதே பத்தியில் வேறு இரண்டு இடங்களிலும் கவனம் தேவை. முந்தைய அடியில் வரும் ‘பட்’ என்பதை ‘ஆனால்’ என்று பெயர்த்துவிடாதீர்கள். ஸ்காட்லாந்து வழக்கில் அதற்கு ‘இல்லாமல்’ என்று பொருள், ஆகவே எலி வீடும் புகலிடமும் இல்லாமல் வெளியே நிற்கிறது. அடுத்த அடியின் ‘கிரான்ரக்’ என்பது உறைபனி. கவிதையின் தலைப்பே 1785 நவம்பர் என்று காலத்தைச் சொல்லிவிடுவதால், பர்ன்ஸ் உழுத எயர்ஷயர் வயல்களில் குளிர்காலம் தொடங்கும் வேளை அது என்பதை அடிக்குறிப்பில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். வட்டாரச் சொல் என்பதற்காக எயர்ஷயர் உழவரைக் கொங்குத் தமிழிலோ நெல்லைத் தமிழிலோ பேசவைக்க வேண்டாம் என்பது என் கருத்து. அப்படிச் செய்தால் வயலே இடம் மாறிவிடும்.

இத்தகைய சொற்களுக்குக் கையகராதியை நம்பாதீர்கள். 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக ஜோசப் ரைட் வெளியிட்ட ஆங்கில வட்டார வழக்கு அகராதி ஒன்று உண்டு. சிறுவயதிலேயே ஆலை வேலைக்குப் போய், பதின்ம வயதில்தான் எழுதப் படிக்கக் கற்று, பின்னர் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியரானவர் அவர். பர்ன்ஸுக்கு அதைக் காட்டிலும் ஏற்றது, 1931 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த ஸ்காட்லாந்து தேசிய அகராதி. இப்போது அதை இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

உங்கள் சொந்த ஆங்கிலத்தில் இதைக் கையாள்வது பற்றிக் கேட்டிருந்தீர்கள். எடின்பரோவிலோ பெல்ஃபாஸ்டிலோ உள்ள நண்பருக்கு எழுதும் கடிதத்தில் ஒருமுறை எழுதினால் அவர் மகிழ்வார். விண்ணப்பத்திலும் தேர்வுத்தாளிலும் வேண்டாம். திருத்துபவர் உங்கள் கையகராதியைப் போன்ற ஒன்றைத்தான் புரட்டிப் பார்ப்பார், அதில் துடுப்பு முளைதான் இருக்கும்.