தொல்லை அழைப்புகள்: போன் யாருக்காக அடிக்க வேண்டும்? கேள்வி பதில்

தேவையில்லாத அழைப்புகளைப் பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே சங்கதியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன். பாதிப் பேருக்கு என் பதில் ஒன்றுதான்: எண்களைத் துரத்துவதை விடுங்கள், யார் அடித்தால் போன் சத்தம் போடலாம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

ப்ளாக் பண்ணியே ஓய்ந்தவர்: அண்ணா, லோன் கால், ஸ்கீம் கால் எல்லாத்தையும் விடாம ப்ளாக் பண்றேன். லிஸ்ட்தான் நீளுது, கால் குறையல. என் போன்ல ஏதாவது கோளாறா?

போன் நன்றாகத்தான் இருக்கிறது. ப்ளாக் என்பது ஓர் எண்ணுக்குப் போடும் தடை. கூப்பிடுகிறவர்களிடமோ எண்கள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. அதைவிட மோசம், திரையில் தெரியும் எண்ணே பொய்யாக இருக்கலாம். அழைப்பு கிளம்பும் இடத்தில் "என் எண் இது" என்று எதைச் சொல்லி அனுப்புகிறார்களோ அதைத்தான் உங்கள் போன் காட்டுகிறது. இணையவழி அழைப்புகளில் அந்த இடத்தில் வேறு எண்ணை எழுதி அனுப்புவது பெரிய வித்தையே இல்லை. ஸ்பூஃபிங் என்பது இதைத்தான். வருகிற எண்ணின் முதல் சில இலக்கங்கள் உங்கள் எண்ணைப் போலவே இருந்தால் இந்த வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். பழக்கமான எண் போலத் தெரிந்தால் எடுத்துவிடுவீர்கள் என்ற கணக்கு.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இதற்காகவே 2021 முதல் ஸ்டிர்/ஷேக்கன் என்ற முறையைக் கட்டாயமாக்கினார்கள். அழைப்போடு ஒரு டிஜிட்டல் கையெழுத்து வரும். அந்த எண்ணைக் காட்ட அழைப்பவருக்கு உரிமை உண்டா என்று அதை வைத்துச் சரிபார்ப்பார்கள். ஆனால் தன் சொந்த எண்ணிலிருந்தே பொய் சொல்கிறவரை அது எப்படித் தடுக்கும்?

ஆகவே, ஒரே எண்ணிலிருந்து விடாமல் தொல்லை கொடுக்கும் ஆளுக்கு மட்டும் ப்ளாக்கை வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை ஸ்பாம் என்று புகார் கொடுத்துவிட்டு நகருங்கள். சில ஆண்ட்ராய்டு போன்களிலும் செயலிகளிலும் "இந்த இலக்கங்களில் தொடங்கும் எண்கள் அனைத்தும்" என்று மொத்தமாகத் தடுக்கும் வசதி உண்டு. விளம்பர அழைப்புகள் ஒரே வரிசையில் வருகின்றன என்றால் அது நன்றாகவே வேலை செய்யும்.

திட்டு வாங்கியவர்: முன்பின் தெரியாத ஒருத்தர் கூப்பிட்டு, "ஏன்யா எனக்கு அடிக்கடி போன் பண்றே?"ன்னு கத்தினார். நான் கூப்பிடவே இல்லை. போனை ஹேக் பண்ணிட்டாங்களா?

மேலே சொன்ன ஸ்பூஃபிங்தான், இந்த முறை கடன் வாங்கப்பட்டது உங்கள் எண். இதற்கு உங்கள் போனைத் தொடவே தேவையில்லை. அவரிடம் ஒரே வரியில் விளக்கிவிட்டு வையுங்கள். இவர்கள் எண்ணை மாற்றிக்கொண்டே போவார்கள் என்பதால் பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.

வேலை தேடுபவர்: ஐபோனில் தெரியாத எண்களை சைலன்ஸ் செய்யும் வசதியைப் போட்டால் நிம்மதிதான். ஆனால் இன்டர்வியூ கால் வந்தால்? அந்த பயத்தில் எல்லா காலையும் எடுக்கிறேன்.

அந்த வசதி 2019-இல் ஐஓஎஸ் 13-உடன் வந்தது. பலர் நினைப்பதுபோல அது அழைப்பைக் கொன்றுவிடுவதில்லை. போன் அடிக்காது, வாய்ஸ்மெயில் இருந்தால் அங்கே போகும், ரீசன்ட்ஸ் பட்டியலில் எண் பதிவாகும். உங்கள் கான்டாக்ட்ஸில் இருப்பவர்கள், அண்மையில் நீங்களே கூப்பிட்ட எண்கள், மின்னஞ்சலில் வந்த எண்ணைப் பார்த்து ஐபோனின் குரல் உதவியாளரான 'சிரி' ஊகித்தவை ஆகியவை வழக்கம்போல ஒலிக்கும். அவசர எண்ணுக்கு நீங்கள் அழைத்தால் அடுத்த 24 மணி நேரத்துக்கு இந்த வசதி தானாக அணைந்துவிடும், உதவிக்கு வருபவர் திருப்பி அழைக்க வேண்டுமே என்பதற்காக. யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

ஆனாலும் வேலை தேடும் காலத்தில் இதைப் பகலில் போடாதீர்கள் என்பேன். எச்ஆர் ஆட்களில் பலர் ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். 2025-இல் வந்த ஐஓஎஸ் 26-இல் இடைவழி ஒன்று இருக்கிறது. தெரியாத எண் அழைத்தால் போனே எடுத்து, பெயரும் காரணமும் கேட்டு, அவர் சொன்னதை எழுத்தாக உங்களுக்குக் காட்டும். எடுப்பதா விடுவதா என்று பார்த்துக்கொண்டே முடிவு செய்யலாம். கூகுள் பிக்சலில் இதுபோன்ற வசதி 2018-லேயே வந்துவிட்டது. இரண்டுமே எல்லா மொழியிலும் எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை. உங்கள் போன் செட்டிங்ஸில் இருந்தால் அதுதான் உங்களுக்குச் சரி. இல்லாவிட்டால், விண்ணப்பித்த நிறுவனத்தின் எண்ணை அன்றைக்கே சேவ் செய்துவிடுங்கள்.

ஏமாந்த ஆண்ட்ராய்டுக்காரர்: ப்ளாக்டு நம்பர்ஸுக்குள் போய் 'அன்னோன்' என்பதை ஆன் செய்தேன். தெரியாத எண்கள் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. வேலை செய்யவில்லையே!

வேலை செய்கிறது, நீங்கள் நினைத்த வேலையை அல்ல. அந்த 'அன்னோன்', எண்ணையே மறைத்துக்கொண்டு வருபவர்களுக்கு. எண்ணுக்குப் பதில் 'பிரைவேட் நம்பர்' என்று வருமே, அவை மட்டும் நிற்கும். உங்கள் கான்டாக்ட்ஸில் இல்லாத சாதாரண எண்ணுக்கு அது பொருந்தாது. இந்தப் பெயரை வைத்தவர்கள்மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனாலும் அதை ஆனிலேயே விடுங்கள். முகம் காட்டாமல் வருபவருக்குக் கதவைத் திறந்துவைக்க எந்தக் காரணமும் இல்லை. கான்டாக்ட்ஸில் இல்லாத எல்லோரையும் அமைதிப்படுத்த, டூ நாட் டிஸ்டர்பில் (நீங்கள் அனுமதித்தவர்கள் அழைத்தால் மட்டும் போனை ஒலிக்கவிடும் செட்டிங்) அழைப்புகளுக்கு 'கான்டாக்ட்ஸ்' மட்டும் என்று வைப்பதே ஆண்ட்ராய்டில் எளிய வழி.

தூக்கம் கெட்டவர்: ராத்திரி போனை சைலன்டில் போட பயமா இருக்கு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, எப்போ வேணும்னாலும் கூப்பிடுவாங்க. போடாம இருந்தா யார் யாரோ எழுப்பிவிடறாங்க.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சைலன்ட் பொத்தானை மறந்துவிடுங்கள். அதற்கு ஆள் வித்தியாசம் தெரியாது. உங்களுக்கு வேண்டியது டூ நாட் டிஸ்டர்ப்.

ஐபோன் என்றால் அம்மாவின் கான்டாக்டைத் திறந்து எடிட் கொடுங்கள். ரிங்டோன் என்ற வரியைத் தொட்டால் மேலேயே எமர்ஜென்சி பைபாஸ் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதை ஆன் செய்துவிட்டால் போன் எந்த நிலையில் இருந்தாலும், சைலன்டில் கிடந்தாலும்கூட, அம்மா அழைத்தால் ஒலிக்கும். ஆண்ட்ராய்டில் அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள நட்சத்திரத்தைத் தொடுங்கள். பிறகு டூ நாட் டிஸ்டர்பில் 'பீப்பிள்' பகுதியில் 'கால்ஸ்' என்பதற்கு 'ஸ்டார்டு கான்டாக்ட்ஸ்' என்று தேர்ந்தெடுங்கள். பின்னர் இரவு நேரத்துக்கு அட்டவணை போட்டுவிட்டால் தினமும் ஞாபகம் வைக்க வேண்டியதில்லை.

அடுத்தது திரும்பத் திரும்ப அழைப்பவர்களுக்கான விதிவிலக்கு. ஐபோனில் ஒரே ஆள் 3 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைத்தால் ஒலிக்கும். ஆண்ட்ராய்டில் அந்த இடைவெளி 15 நிமிடம். அம்மா பக்கத்து வீட்டுக்காரரின் போனிலிருந்து கூப்பிட நேர்ந்தால் இதுதான் கை கொடுக்கும். "எடுக்கலைன்னா உடனே இன்னொரு தரம் அடிக்கச் சொல்லுங்கம்மா" என்று அவரிடம் சொல்லி வையுங்கள். அடம்பிடிக்கும் விற்பனைக்காரரும் இதே வழியில் நுழையலாம்தான். உங்கள் நிலைமையில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

எல்லாம் செய்த பிறகு, பகலிலேயே டூ நாட் டிஸ்டர்பைப் போட்டுவிட்டு அம்மாவை அழைக்கச் சொல்லி ஒரு தடவை பாருங்கள். சோதிக்காத செட்டிங்கை நம்பித் தூங்க வேண்டாம்.

அதே கவலையில் இன்னொருவர்: டூ நாட் டிஸ்டர்ப் போட்டால் காலையில் அலாரம் அடிக்குமா?

ஐபோனில் அடிக்கும். ஆண்ட்ராய்டிலும் நீங்களாக அலாரத்தை அணைத்து வைக்காதவரை அடிக்கும்.

பெயர் வேண்டாம்: ஒருவரை ப்ளாக் செய்தேன். அவருக்குத் தெரிந்துவிடுமா? வேறு வழியில் வர முடியுமா?

அவருக்கு எந்த அறிவிப்பும் போகாது. ஆனால் ஒவ்வொரு தடவையும் உடனே துண்டிக்கப்பட்டாலோ வாய்ஸ்மெயிலுக்குப் போனாலோ ஊகித்துவிடுவார். வேறு வழியா? இருக்கிறது. ஐபோனில் ப்ளாக் செய்தால் சாதாரண அழைப்பு, ஃபேஸ்டைம், மெசேஜ் எல்லாம் நிற்கும். வாட்ஸ்அப், டெலிகிராம், இன்ஸ்டாகிராமில் தனித்தனியாகத்தான் ப்ளாக் செய்ய வேண்டும். எண்ணை மறைத்து அழைப்பதும் பல நெட்வொர்க்குகளில் எளிது, எண்ணுக்கு முன்னால் #31# போட்டால் போதும். அதனால் ஆண்ட்ராய்டுக்காரருக்குச் சொன்ன அந்த 'அன்னோன்' தடையையும் சேர்த்துப் போடுங்கள். தொல்லை மிரட்டலாக மாறினால் மட்டும் ரீசன்ட்ஸ் பட்டியலையும் மெசேஜ்களையும் அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், புகார் கொடுக்கும்போது கேட்பார்கள்.

மிஸ்டு கால் மர்மம்: வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரே ஒரு ரிங், உடனே கட். யாராக இருக்கும் என்று கை துறுதுறுக்கிறது.

அந்தத் துறுதுறுப்பில்தான் அவர்களுக்குக் காசு. வாங்கிரி என்று அழைக்கப்படும் மோசடி இது. திருப்பிக் கூப்பிட்டால் நிமிடத்துக்கு அதிகக் கட்டணமுள்ள எண்ணுக்கு இணைப்பு போகும், அதில் ஒரு பங்கு அவர்களுக்கு. பாட்டுப் போட்டோ காத்திருக்கச் சொல்லியோ உங்களை இழுத்துப் பிடிப்பார்கள். மவுரிட்டானியாவின் 222, சியரா லியோனின் 232 போன்ற நாட்டுக் குறியீடுகள் இதில் அடிக்கடி அடிபடும். அந்த நாட்டில் தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். உண்மையிலேயே வேண்டியவர் என்றால் இன்னொரு தடவை அழைப்பார்.

அப்பாவின் மகள்: அப்பா எந்த காலையும் விடமாட்டார். கூரியர்காரர் என்று ஒருவர் ஏதோ நம்பரை அழுத்தச் சொன்னாராம், இவரும் அழுத்தியிருக்கிறார். அதற்கப்புறம் அவருக்கு நாங்கள் கூப்பிட்டால் வேறு யாரோ எடுக்கிறார்கள்!

முதலில் இதைச் செய்யுங்கள், மற்றதைப் பிறகு படிக்கலாம். அப்பாவின் போனில் ##002# என்று அழுத்தி டயல் செய்யுங்கள். எல்லா கால் ஃபார்வர்டிங்கும், அதாவது அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் ஏற்பாடும், ரத்தாகும். பிறகு *#21# அடித்துப் பாருங்கள். ஃபார்வர்டிங் இல்லை என்று வர வேண்டும். நெட்வொர்க் இந்தக் குறியீடுகளை ஏற்காவிட்டால் வாடிக்கையாளர் சேவையை அழைத்து ரத்து செய்யச் சொல்லுங்கள். வாய்ஸ்மெயில் வைத்திருந்தால் அதையும் மறுபடி அமைக்க வேண்டி வரலாம்.

நடந்தது இதுவாகத்தான் இருக்கும்: *21* போட்டு ஓர் எண்ணை அடித்து # அழுத்தி டயல் செய்தால் வருகிற அழைப்பெல்லாம் அந்த எண்ணுக்குத் திரும்பிவிடும். குரல் அழைப்பில் வரும் ஓடிபியும் அவர்கள் காதுக்குப் போகும். அதனால் வங்கிக்கு இன்றே சொல்லிவிடுங்கள். கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் அழைத்துப் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனையும் போடுங்கள்.

இனிமேலுக்கு, அப்பாவின் போனில் கான்டாக்ட்ஸ் மட்டும் ஒலிக்கும்படி வைத்துவிட்டு, ரீசன்ட்ஸ் பட்டியலை மாலையில் நீங்கள் ஒரு பார்வை பாருங்கள். அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சொல்லாமல் செய்தால் போன் கெட்டுவிட்டது என்று கடைக்கு எடுத்துப் போய்விடுவார்.

சந்தேகப் பேர்வழி: யார் கூப்பிடுவது என்று பெயர் காட்டும் செயலிகளை நம்பலாமா?

ஓரளவுக்கு. 2009-இல் சுவீடனில் தொடங்கிய ட்ரூகாலர் போன்றவற்றில் தெரியும் பெயர்களில் பல, பயன்படுத்துகிறவர்களே கொடுத்தவை. பலர் ஸ்பாம் என்று குறித்த எண்ணைப் பிடிப்பதில் இவை கெட்டிக்காரத்தனமானவை. ஆனால் 'வங்கி மேலாளர்' என்று திரையில் வந்தால் அது அடையாளச் சான்று கிடையாது. அப்படி ஒரு பெயரை யாரும் வைத்துக்கொள்ளலாம். கான்டாக்ட்ஸைப் படிக்க அனுமதி கேட்டால் நான் கொடுப்பதில்லை, அதில் இருப்பது மற்றவர்களின் எண்கள்.

ஹலோ ஹலோ என்பவர்: எடுத்தால் மறுமுனையில் யாரும் பேசுவதில்லை. பேயா?

கணினி. அழைப்பு மையங்களில் இருக்கும் ஆட்களைவிட அதிக எண்களுக்கு ஒரே நேரத்தில் கணினியே டயல் செய்யும். நீங்கள் எடுக்கும்போது ஆள் காலியாக இல்லையென்றால் அமைதிதான். எண் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கவும் இப்படி அடிப்பதுண்டு. "பட்டியலிலிருந்து நீக்க 9-ஐ அழுத்தவும்" என்று குரல் வந்தாலும் அழுத்தாதீர்கள். நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று காட்டிக்கொடுத்ததாக ஆகும்.

வாட்ஸ்அப் தொல்லை: வாட்ஸ்அப்பில் வரும் தெரியாத அழைப்புகளுக்கு?

செட்டிங்ஸ், பிரைவசி, கால்ஸ். அங்கே 'சைலன்ஸ் அன்னோன் காலர்ஸ்' 2023-லிருந்து இருக்கிறது. ஒலிக்காது, ஆனால் பட்டியலில் தெரியும்.

மீட்டிங்கில் மாட்டியவர்: நாலு பேர் நடுவில் போன் அலறும்போது கட் பண்ணுவதா, அப்படியே விடுவதா?

இரண்டும் வேண்டாம். வால்யூம் பொத்தானை ஒரு தடவை அழுத்துங்கள். உங்கள் பக்கம் சத்தம் நிற்கும், அவருக்கு ரிங் போய்க்கொண்டே இருக்கும். ஐபோனில் பக்கப் பொத்தானையும் ஒரு தடவை அழுத்தலாம், இரண்டு தடவை அழுத்தினால் கட் ஆகிவிடும். கட் செய்தால் ஆள் போனைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று விற்பனைக்காரருக்குப் புரிந்துவிடும், ஐந்து நிமிடத்தில் திரும்ப அடிப்பார்.