புது கப்பிய நேரா தொட்டியில விடலாமா?

கேள்வி: பாசார் மாலாம்ல (ராத்திரி சந்தையில) வாங்குன கப்பி மீன பழைய தொட்டியில உடனே விடலாமாண்ணே? பையன் அடம் புடிக்கிறான்.
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: வேணாம்மா. வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி செவுளுக்குள்ள இருந்தா வெளிய ஒண்ணுமே தெரியாது, அது மீன் தோலுக்குள்ள இருக்கிறவரைக்கும் மருந்தும் ஏறாது, உதிர்ந்து பெருகி தண்ணியில நீந்துறப்பதான் சாகும், அதனால ரெண்டு நாள் பார்த்துட்டு விடுறதெல்லாம் சும்மா, 3-4 வாரம் தனியா வைங்க. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா போதும். ஸ்பாஞ்ச் ஃபில்டர மட்டும் முன்னாடியே பழைய தொட்டியில ஓடவிட்டு எடுங்க, மீன் கழிவுல வர்ற அம்மோனியா விஷத்த மாத்துற நல்ல பாக்டீரியா ஏறியிருக்கும், இல்லன்னா அந்த அம்மோனியா ஏறியே மீன் செத்துடும் (பழிய கடைக்காரர் மேல போடுவோம்!). குளோரின் நீக்குன தண்ணி, தனி வலை. நோய் தெரியாம மருந்து கொட்டாதீங்க. பையனா? டப்பாவ அவன் மேசையில வச்சிடுங்க, தீனி மட்டும் நீங்க போடுங்க.