தயிர் இருக்கா? குர்திஷில் எப்படிக் கேட்பது

கேள்வி: என் தம்பி ஈராக்கில், எர்பில் நகரத்தில், ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறான். கத்தாரில் இருந்தபோது பழகிய அரபி அங்கே அரைவாசிதான் உதவுதாம், கூட வேலை செய்கிறவர்கள் பேசுவது குர்திஷ். சொற்கள் கொஞ்சம் பிடித்துவிட்டான், கேள்வி கேட்கத்தான் வாய் வரமாட்டேன் என்கிறது. நம்முடைய ‘ஆ’ மாதிரி அதில் ஏதும் உண்டா?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: சகோதரி, தம்பியிடம் முதலில் ஒன்று சொல்லுங்கள். இங்கிலீஷை நடுவில் வைத்துப் படிக்க வேண்டாம். இங்கிலீஷில் கேள்வி என்றால் வினைச்சொல்லை இழுத்து முன்னுக்குப் போடவேண்டும், கேள்விச் சொல்லைத் தூக்கி வாசலில் வைக்கவேண்டும். எர்பிலில் பேசுவது மத்திய குர்திஷ், சொரானி என்பார்கள். அதில் இந்தப் பாடு ஒன்றும் இல்லை. தமிழ் போலவே வினை பெரும்பாலும் கடைசியில்தான் வரும், பதில் எந்த இடத்தில் வருமோ அந்த இடத்திலேயே கேள்விச் சொல்லும் இருக்கும்.

ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்கு, பேச்சில் குரலை உயர்த்தினாலே போதும். தயிருக்கு ‘மாஸ்த்’, இருக்கிறது என்பதற்கு ‘ஹெயெ’. ‘மாஸ்த் ஹெயெ.’ என்று இறக்கிச் சொன்னால் தயிர் இருக்கிறது. ‘மாஸ்த் ஹெயெ?’ என்று கடைசியை ஏற்றினால் தயிர் இருக்கா. இல்லையென்றால் ‘நியெ’ என்பார்கள். ‘ஆயா’ என்று ஒரு வினாச்சொல்லும் உண்டு, அது வாக்கியத்தின் தலையில் வரும், ஆனால் எழுத்திலும் செய்தியிலும்தான் அதிகம். சமையலறையில் அது தேவைப்படாது.

நம்முடைய ‘ஆ’வுக்குச் சரிசமமாக ஒன்று அங்கே இல்லை என்பதுதான் உண்மை. நாம் ‘தம்பியா நேற்றுப் போனான்’, ‘தம்பி நேற்றா போனான்’ என்று விரும்பிய சொல்லில் அதை ஒட்டுகிறோம், குர்திஷ்காரர் எந்தச் சொல்லைக் கேட்கிறாரோ அந்தச் சொல்லை அழுத்திச் சொல்லிவிடுவார். அதனால் காது கொடுத்துக் கேட்கப் பழகச் சொல்லுங்கள்.

கேள்விச் சொற்கள் கொஞ்சம்தான். கே என்றால் யார், ச்சீ என்ன, குவே எங்கே, கெய் எப்போது, ச்சோன் எப்படி, ச்செந்த் எத்தனை, காம் எது. (‘ச்சீ’ என்று யாராவது முகத்தைப் பார்த்துக் கேட்டால் தம்பி மனம் நோகக்கூடாது, ‘என்ன’ என்றுதான் கேட்கிறார்கள்.) முட்டைக்கு ‘ஹேல்கெ’. ‘ச்செந்த் ஹேல்கெ?’ என்றால் எத்தனை முட்டை. நாம் எத்தனை முட்டைகள் என்று கேட்பதில்லையே, அவர்களும் அப்படித்தான், பொருளை ஒருமையிலேயே விடுவார்கள். கடையில் விலை கேட்க ‘எமெ பெ ச்செந்தெ?’, இது எவ்வளவு. ‘ஏன்’ என்பதற்கு ‘போ’, பஸ்ஸில் வரும் ப. அதே சொல்தான் ‘-க்கு’ என்ற பொருளிலும் வரும். ‘தெச்சி போ குவே?’ என்றால் எங்கே போகிறாய், ‘போ தெச்சி?’ என்றால் எதுக்குப் போகிறாய். ‘எதுக்கு’ என்று ‘க்கு’வை வைத்தே காரணம் கேட்கிற நமக்கு இது சட்டென்று பிடிபடும்.

தம்பி உண்மையிலேயே தடுக்கி விழப்போகிற இடம் இறந்தகாலம். ‘சாப்பிட்டாயா’ என்பதற்கு அங்கே ‘நானித் ஃக்வார்த்?’. ‘நான்’ ரொட்டி, நாம் சோறு என்று சாப்பாட்டையே சொல்வது போல. ‘ஃக்வார்த்’ தின்றது. அப்போ ‘நீ’ எங்கே? ரொட்டியோடு ஒட்டிய அந்த ‘இத்’தான் நீ. நிகழ்காலத்தில் வினையின் வாலில் இருக்கும் ஆள், தின்றேன், கண்டேன் மாதிரிச் செயப்படுபொருள் வேண்டும் வினைகளில், இறந்தகாலம் வந்ததும் முன்னால் உள்ள சொல்லில் ஏறிக்கொள்வார். எதை, யாரை என்று கேட்கும் கேள்விச் சொல் இருந்தால் அதிலேயே ஏறுவார்: ‘ச்சீத் ஃக்வார்த்?’, என்ன சாப்பிட்டாய். பதிலிலும் அதே ஆட்டம்தான், சாப்பிடவில்லை என்பதற்கு ‘நெம்ஃக்வார்த்’, நடுவில் நிற்கிற ‘ம்’ தான் நான். இதைக் கவனிக்காவிட்டால் ஆள் மாறிப்போகும். ‘கேத் பீனி?’ நீ யாரைக் கண்டாய். ‘கே தோய் பீனி?’ உன்னை யார் கண்டது. நமக்கு இருக்கிற ‘ஐ’ உருபு அங்கே இல்லை, அந்தச் சின்ன ‘த்’, ‘ய்’ இரண்டும்தான் யார் கண்டது என்று காட்டுகின்றன. இந்த இரண்டு வாக்கியத்தையும் பத்துத் தரம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

பெரியவர்களிடம் ‘நானித்’ வேண்டாம், ‘நான்தான் ஃக்வார்த்?’ என்று பன்மையில் கேட்கவேண்டும். இந்தத் ‘தான்’ நம்முடைய தான் இல்லை, சாப்பிட்டீங்களா என்பதில் இருக்கிற ‘ங்க’.

கேள்வி: குர்திஷை அரபி எழுத்தில்தானே எழுதுகிறார்கள், அப்படியென்றால் அரபியின் கிளைமொழியா?
– வாசகர், வந்தாறுமூலை

பதில்: இல்லை. எழுத்துதான் அரபியிலிருந்து வந்தது. அதையும் மாற்றி, உயிரெழுத்துகளையும் எழுதும்படி செய்துகொண்டார்கள். வினாக்குறிகூட நம்முடையதைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்கும். மொழி பாரசீகத்துக்கு உறவு, ஈரானியக் கிளை. ஈராக்கின் 2005 அரசியலமைப்பில் அரபியோடு குர்திஷும் அரசகரும மொழி.

அம்பாறை டவுனுக்குப் போய்வருகிறவர்களுக்குச் சொல்ல இன்னொன்று இருக்கிறது: குர்திஷுக்குத் தூரத்து உறவு சிங்களம். கேள்விச் சொற்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யாருக்குச் சிங்களத்தில் கவுத, குர்திஷில் கே. எங்கேக்கு கொஹேத, குவே. ‘எது’வுக்கு கொயி, காம். நமக்கு இவற்றில் எங்கே, எது இரண்டும் ‘எ’வில் தொடங்குகிறது, அவர்கள் இருவருக்கும் மூன்றுமே ‘க’வில். ஆனால் சிங்களத்தில் கவுத, கொஹேத என்று கடைசியில் ‘த’ ஒட்டவேண்டும். குர்திஷில் அது வேண்டாம், ‘எங்கே போகிறாய்’ என்பதில் நாம் ‘ஆ’ போடாதது போலவே.