பஸ், பந்து, ரயில்: இயக்க வரைபடக் கேள்விகள்

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு மாணவி, காட்பாடி): கோடு படுக்கையாக இருந்தால் வண்டி நிற்கிறது என்று எழுதினேன். ஒரு கணக்குக்குச் சரி, இன்னொன்றுக்குத் தப்பு போட்டிருக்கிறார்கள். ஏன் சார்?

பதில்: செங்குத்து அச்சில் என்ன எழுதியிருந்தது என்று பார்த்தாயாம்மா? தொலைவு என்றிருந்தால் படுக்கைக் கோடு நிற்கும் வண்டி. திசைவேகம் (திசையோடு சேர்த்துச் சொல்லும் வேகம்) என்றிருந்தால் அதே கோடு சீராக ஓடும் வண்டி. கோடு நேர அச்சின் மேலேயே படுத்திருந்தால்தான் அங்கே வண்டி நிற்கிறது.

கேள்வி (ஆம்பூர்): ஏலகிரி ஏறும் பஸ்ஸின் வரைபடம் வளைந்து வளைந்து போகுமா?

பதில்: போகாது. 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றுகூட அதில் தெரியாது. டிரைவர் வளைவில் வேகத்தைக் குறைத்தால் தொலைவுக் கோட்டின் சாய்வு குறையும், அவ்வளவுதான்.

கேள்வி (பிளஸ் ஒன், குடியாத்தம்): திசைவேகக் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு எப்படி இடப்பெயர்ச்சி ஆகும்? பரப்பு என்றால் சதுர மீட்டர் அல்லவா?

பதில்: இதைக் கேட்காமலே மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். இடப்பெயர்ச்சி என்பது கிளம்பிய இடத்திலிருந்து சேர்ந்த இடம் வரை உள்ள நேர்த் தூரம், திசையோடு. இந்தப் படத்தில் உயரம் மீட்டர்/வினாடி, அகலம் வினாடி. பெருக்கினால் வினாடி அடிபட்டு மீட்டர் மட்டும் மிஞ்சும்.

ஒரு பஸ் நின்ற இடத்திலிருந்து 20 வினாடியில் சீராக 10 மீ/வி வேகத்துக்கு வருகிறது. 60 வினாடி அதே வேகம். அப்புறம் 10 வினாடியில் பிரேக் பிடித்து நிற்கிறது. முதல் முக்கோணம் 100, நடுச் செவ்வகம் 600, கடைசி முக்கோணம் 50. ஆக 750 மீட்டர். சாய்ந்த கோட்டுக்கும் இது எப்படிப் பொருந்தும்? நேரத்தை மெல்லிய பட்டைகளாக நறுக்கிப் பார். ஒரு பட்டைக்குள் வேகம் அநேகமாக மாறாது. ஒவ்வொன்றும் ஒரு குட்டிச் செவ்வகம். இப்படிப் பட்டைகளைக் கூட்டுகிற தொகைநுண்கணிதம் இங்கேதான் தொடங்குகிறது, பயப்படாதே.

கேள்வி (ஒரு தகப்பனார், ஆற்காடு): வேலூர் போய்த் திரும்பினால் இடப்பெயர்ச்சி பூஜ்யம் என்கிறான் பையன். பெட்ரோல் தீர்ந்ததே!

பதில்: பையன் சொல்வது சரிதான். ஒரு பக்கம் சுமார் 25 கி.மீ.; தொலைவு 50, இடப்பெயர்ச்சி பூஜ்யம். திரும்பும்போது திசைவேகக் கோடு அச்சுக்குக் கீழே இறங்கும், அந்தப் பரப்பு கழிக்கப்படும். பெட்ரோல் தொலைவைப் பொறுத்தது, ஐயா.

கேள்வி (ராணிப்பேட்டை): மேலே எறிந்த பந்துக்கு உச்சியில் முடுக்கமும் பூஜ்யம்தானே?

பதில்: இல்லை. முடுக்கம் என்பது திசைவேகம் மாறும் வீதம், அதாவது திசைவேகக் கோட்டின் சாய்வு. இங்கே அது கீழ்நோக்கிச் சாய்ந்த ஒரே நேர்கோடு. உச்சியில் அது அச்சை வெட்டுகிறது, ஆனால் சாய்வு எங்கும் −9.8 மீ/வி² தான். முடுக்கமும் போய்விட்டால் பந்து அங்கேயே தொங்கும்!

கேள்வி (வேலூர்): பரீட்சைக்கு வெளியே இதை யார் வரைகிறார்கள்?

பதில்: ரயில்வேக்காரர்கள். ஒரு அச்சில் நேரம், மற்றதில் ஸ்டேஷன்கள், ஒவ்வொரு ரயிலும் ஒரு கோடு. காட்பாடி–விழுப்புரம் மாதிரி ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் இரண்டு ரயில்களின் கோடுகள் ஸ்டேஷனில்தான் வெட்டிக்கொள்ள வேண்டும். நடுவழியில் வெட்டுகிறது என்றால் ஒரு ரயிலை முந்தைய ஸ்டேஷனிலேயே நிறுத்திவைப்பார்கள்.