லியொனார்டோவின் வீட்டுக்கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

லியொனார்டோ டாவின்சியின் ‘கடைசி விருந்து’ ஓவியம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். சிறுவயதிலிருந்து வரைகிறேன். வேலை, வாடகை, பிள்ளைகளின் படிப்பு, அம்மாவின் மருந்துச்செலவு என்று நாள் ஓடிவிடுகிறது. இரவு பத்தரைக்கு மேல் பென்சிலைக் கையில் எடுத்தால் அரைமணி நேரத்தில் கண் சொருகிவிடுகிறது. அவரைப் போன்றவர்களுக்கு அரசர்கள் படியளந்தார்கள். அடுப்பில் என்ன வேகிறது என்ற கவலை அவர்களுக்கு இருந்திருக்காது. அப்படி ஒரு வாழ்க்கை அமைந்தால்தான் பெரிய காரியம் செய்ய முடியும் என்று தோன்றுகிறது. நான் நினைப்பது சரியா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

சரியில்லை என்றே நினைக்கிறேன். நீங்கள் கணக்கு எழுதுபவர் என்பதால் உங்களிடம் இதைச் சொல்வது எளிது.

லியொனார்டோவின் குறிப்பேடுகளில் இன்று மிஞ்சியிருப்பவை ஏறத்தாழ 7000 பக்கங்கள். பறவையின் சிறகும் நீரின் சுழியும் மனித இதயமும் அவற்றில் இருக்கின்றன. ரொட்டி, ஒயின், முட்டை, இறைச்சி என்று வீட்டுச்செலவும் இருக்கிறது. இறைச்சி மற்றவர்களுக்காக வாங்கியதாக இருக்கலாம். 1516-இல் கொச்சியிலிருந்து ஃபிளாரன்ஸுக்குக் கடிதம் எழுதிய ஆந்த்ரேயா கோர்சாலி என்ற பயணி, இரத்தமுள்ள எதையும் உண்ணாத குஜராத்திகளைப் பற்றிச் சொல்லும்போது ‘நம் லியொனார்டோவைப் போல’ என்று எழுதியிருக்கிறார்.

பத்திரமும் பதிவும் தலைமுறைகளாகத் தொழிலாக இருந்த குடும்பம் அது. 1452 ஏப்ரல் 15, சனிக்கிழமை, இரவு மூன்றாம் மணி என்று பேரன் பிறந்த நேரத்தைத் தாத்தா அந்தோனியோ குறித்துவைத்தார். அப்பா செர் பியெரோ ஃபிளாரன்ஸில் நோட்டரி. மணமாகாத தாய்க்குப் பிறந்தவன் என்பதால் மகனுக்கு அந்தத் தொழில் கிடைக்கவில்லை, பழக்கம் மட்டும் கூடவே வந்தது. 1504 ஜூலை 9 அன்று அப்பா இறந்ததை எழுதும்போது ‘ஏழு மணிக்கு’ என்பதை ஒரே குறிப்பில் இரண்டு முறை எழுதுகிறார். அவ்வளவு கவனமாக எழுதுகிறவருக்கு ஏன் கை தடுமாறியது என்று அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அரசர்கள் படியளந்தது பற்றிக் கேட்டீர்கள். மிலான் ஆட்சியாளர் லுதோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு அவர் எழுதிய ஒரு கடிதத்தின் வரைவு இருக்கிறது. வயிற்றுப்பாட்டுக்குச் சம்பாதிக்க வேண்டியிருந்ததால் ஒப்படைத்த வேலையை நடுவில் நிறுத்த நேர்ந்தது, அதற்காக வருந்துகிறேன் என்கிறார். ஆறு பேருக்குச் சோறு போட்டிருக்கிறேன், கைக்கு வந்தது 50 டுகாட் பொற்காசு என்று கணக்கும் சொல்கிறார். உங்கள் கடிதத்துக்கும் அதற்கும் தொனியில் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சோற்றில் பங்கு கேட்க 1490 ஜூலை 22 அன்று பத்து வயதுப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். பெயர் ஜாக்கொமோ. குட்டிச்சாத்தான் என்ற பொருளில் ‘சலாயி’ என்ற பட்டப்பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது. மறுநாளே அவனுக்கு இரண்டு சட்டை, காலுறை, ஒரு மேலங்கி தைக்கச் சொன்னார் லியொனார்டோ. தையற்கூலிக்கு எடுத்துவைத்த காசைப் பையன் பையிலிருந்தே திருடிவிட்டான். 4 லீரா என்று எழுதி, ஓரத்தில் நான்கு சொற்களைச் சேர்க்கிறார்: திருடன், பொய்யன், பிடிவாதக்காரன், தீனிப்பண்டாரம். அடுத்த நாள் நண்பர் வீட்டு விருந்துக்கு அழைத்துப் போனால் இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டு, நான்கு பேர் சேட்டையைச் செய்து, மூன்று குப்பிகளை உடைத்து, ஒயினைக் கொட்டிவிட்டு வந்தான். செப்டம்பரில் மார்கோ என்ற சீடரின் வெள்ளி எழுத்தாணி காணாமல் போனது. தேடித்தேடிக் கடைசியில் ஜாக்கொமோவின் பெட்டிக்குள் கிடைத்தது. விலை, சோல்தி என்ற சில்லறைக் காசில் 22. காலணி செய்துகொள்ளும்படி லியொனார்டோவுக்கு ஒருவர் கொடுத்த துருக்கித் தோலையும் செருப்புத் தைப்பவரிடம் 20 சோல்திக்கு விற்று, அந்தக் காசில் சோம்பு மிட்டாய் வாங்கித் தின்றுவிட்டான்.

இத்தனைக்கும் பிறகு அதே ஆண்டு அவனுக்காக ஆன செலவுப் பட்டியலும் இருக்கிறது. ஆறு சட்டை, மூன்று மேலங்கி, 24 ஜோடிக் காலணி. அவனைத் துரத்தவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கூட வைத்திருந்தார்.

1493 ஜூலை 16 அன்று ‘கத்தெரீனா வந்தாள்’ என்று ஒரு வரி. லியொனார்டோவுடைய தாயின் பெயர் அது. வந்தவர் அந்தத் தாயே என்று ஆய்வாளர் பலரும் கருதுகிறார்கள். சில ஆண்டுகளுக்குள் கத்தெரீனாவின் ஈமச்செலவைப் பட்டியலிடுகிறார்: மெழுகு, பாடை, நான்கு பாதிரியார்களும் நான்கு உதவியாளர்களும், குழி வெட்டியவர்களுக்கு 16 சோல்தி. அதற்கு முன்பே மருத்துவருக்கும் சர்க்கரைக்கும் கொடுத்த காசு. துக்கம் பற்றி ஒரு சொல் கிடையாது. நோயாளிக்கு வாங்கிய சர்க்கரையைச் சாவுக்கணக்கில் சேர்த்து எழுதும்போது ஒரு மனிதனுக்குள் என்ன நடந்திருக்கும் என்பது, அம்மாவுக்கு மருந்துச்சீட்டு வைத்திருக்கும் உங்களுக்குப் புரியும்.

‘கடைசி விருந்து’ உருவானதும் இந்த ஆண்டுகளில்தான். மிலானில் ஒரு மடத்தின் சுவரில் வரைந்தது அது. பந்தெல்லோ என்பவர் சிறுவனாக அந்த மடத்தில் இருந்து நேரில் பார்த்தவர். சில நாள் சூரியோதயத்திலிருந்து இருட்டும்வரை சோறு தண்ணீர் மறந்து வரைவாராம். சில நாள் தூரிகையைத் தொடாமல் மணிக்கணக்கில் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்பாராம். எனக்குப் பிடித்தது மூன்றாவது. சூரியன் சிம்மத்தில் இருக்கும் கோடையில், உச்சிப்பொழுதில், பிரம்மாண்டமான களிமண் குதிரையைச் செய்துகொண்டிருந்த இடத்திலிருந்து கிளம்பி, ஊரைக் கடந்து நடந்து வருவார். சாரத்தில் ஏறி ஏதோ ஒரு முகத்தில் ஒன்றிரண்டு தீற்றல் வைப்பார். இறங்கிப் போய்விடுவார்.

உங்கள் பத்தரை மணியை நான் குறைவாக நினைக்காததற்குக் காரணம் அந்த நடை.

1516-இல் பிரெஞ்சு அரசர் முதலாம் பிரான்சுவா அவரை அழைத்துக்கொண்டார். அம்புவாஸ் ஊரில் வீடும் நல்ல ஊதியமும் கிடைத்தன. நீங்கள் ஆசைப்படும் வாழ்க்கை கடைசியாக வந்தது அப்போதுதான். அந்த நாட்களில் எழுதிய ஒரு வடிவியல் கணக்கு பாதியில் நிற்கிறது. ‘மற்றவை பிறகு, சூப் ஆறுகிறது’ என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்திருக்கிறார்.

சூப்பை வைத்துவிட்டுக் கூப்பிட்டது மத்துரீன் என்ற வேலைக்காரப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். 1519 ஏப்ரல் 23 அன்று, இறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு, அவர் எழுதிவைத்த உயிலில் அவள் பெயர் இருக்கிறது. குறிப்பேடுகளும் கருவிகளும் சீடர் மெல்சிக்கு. மிலானில் இருந்த திராட்சைத் தோட்டத்தில் பாதி சலாயிக்கு. மத்துரீனுக்கு, உள்ளே மென்மயிர்த் தோல் வைத்துத் தைத்த நல்ல கறுப்புத் துணி அங்கி ஒன்று, இன்னொரு துணி, 2 டுகாட் காசு.

அன்புடன்.