கணினியில் காலண்டர் மென்பொருள் வைத்துச் சந்திப்புகளையும் வேலைகளையும் சமாளிக்க முடிகிறதா? எப்படிப் பயன்படுத்துகிறீர்கள்?

முடிகிறது. ஆனால் நிறுவிய முதல் வருடம் எனக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. தப்பு என் மேல்தான்.

நான் வைத்திருப்பது தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருள். மெயிலுக்காக எப்படியும் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். முன்பு லைட்னிங் என்ற நீட்சியாக இருந்த காலண்டர், 2020-இல் வந்த 78-ஆம் பதிப்பிலிருந்து அதற்குள்ளேயே சேர்ந்துவிட்டது. கன்ட்ரோல்+ஐ அழுத்தினால் புதுச் சந்திப்பு, கன்ட்ரோல்+டி அழுத்தினால் புது வேலை.

இந்த டி-யில்தான் மாட்டிக்கொண்டேன். மனதில் தோன்றியதை எல்லாம் வேலைப் பட்டியலில் தள்ளினேன். கெடு தாண்டினால் அந்த வரி சிவப்பாகிவிடும். நாலைந்து சிவப்பு இருந்தவரை உறுத்தியது. முப்பது ஆனதும் கண் பழகிவிட்டது. 'பழைய ரசீதுகளைப் பிரித்து வை' என்ற ஒரு வரி மூன்று மாதம் அப்படியே கிடந்தது. கெடு தேதி, எப்போதைக்குள் முடிக்க வேண்டும் என்று மட்டும்தான் சொல்லும். எப்போது உட்காரப் போகிறாய் என்று கேட்காது. ஒருநாள் அதைப் பட்டியலிலிருந்து எடுத்து, சனிக்கிழமை 10 முதல் 11.30 வரை ஒரு சந்திப்பு மாதிரி காலண்டரில் போட்டேன். அன்றே முடிந்தது. இப்போது அரை மணிக்கு மேல் பிடிக்கும் எந்த வேலைக்கும் காலண்டரில் கட்டம் உண்டு. வாரத்தில் இடமே இல்லை என்றால், புதிதாக எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தது நினைவூட்டல். பல் மருத்துவரிடம் காலையில் போக வேண்டிய ஒரு நாள், மடிக்கணினியைத் திறக்கவே இல்லை. சாயங்காலம் திறந்ததும், 'இன்று பல் மருத்துவர்' என்று நிதானமாக எட்டிப் பார்த்தது. நிரல் ஓடினால்தான் மணி அடிக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. கணினிக்குள் மட்டும் இருக்கும் காலண்டரில் இது தீராது. கால்டாவ் (காலண்டரைப் பல கருவிகளில் ஒன்றுபோல் வைத்திருக்கும் முறை) வழியாக ஒரு சர்வரோடு இணைத்து, போனிலும் அதே காலண்டரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கூகுள் காலண்டரை இப்படி இணைத்தால் சந்திப்புகள் வரும், அதன் வேலைப் பட்டியல் வராது. நெக்ஸ்ட்கிளவுட் என்ற சர்வர் மென்பொருளில் இரண்டும் வரும். வெளியே போக வேண்டிய சந்திப்பென்றால், வழக்கமான 15 நிமிட நினைவூட்டலை நம்பாமல் பயண நேரத்தையும் கூட்டி வையுங்கள்.

அப்புறம், யாராவது ஐசிஎஸ் (காலண்டர் கோப்பு வடிவம்) இணைப்பு கொடுத்தால் இறக்குமதி செய்யாதீர்கள், சந்தா சேருங்கள், அதாவது அந்த இணைப்பையே ஒரு காலண்டராகச் சேருங்கள். இறக்குமதி அன்றைய நகல்தான். அவர்கள் நேரத்தை மாற்றினால் உங்கள் பக்கம் பழைய நேரமே நிற்கும். இறக்குமதியை விட ஏற்றுமதிதான் உருப்படியான வேலை. மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் ஐசிஎஸ் கோப்பாக எடுத்து வைத்துக்கொண்டால், நாளைக்கு மென்பொருளையே மாற்றினாலும் அதை அப்படியே கொண்டுபோய்த் திறக்கலாம்.