கொடுவாவுக்கு முதலில் எந்தப் போலி இரை?

சிதம்பரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பரங்கிப்பேட்டை வெள்ளாற்றுக் கழிமுகத்தில் கொடுவா பிடிக்க ஆசை. இணையத்தில் நாற்பது போலி இரைகள் கொண்ட பெட்டி ஒன்றை வாங்கினேன். ஐந்து ஞாயிற்றுக்கிழமை போயும் ஒரு கடிகூட இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரையை மாற்றிப் பார்க்கிறேன். எதைக் கட்டித் தொடங்குவது? எந்த நிறம் நல்லது?"

பெட்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். உள்ளங்கை நீளத்தில், அதாவது பத்து சென்டிமீட்டர் அளவில், துடுப்பு போன்ற வால் உள்ள ரப்பர் மீன் ஒன்றையும், பத்து கிராம் ஈயத்தலை முள் ஒன்றையும் வாங்குங்கள். கடையில் ஜிக் ஹெட் என்று கேட்டால் தருவார்கள். அதைக் கட்டிக்கொண்டு, ஏறிய தண்ணீர் கடலுக்கு வடியும் ஒரு முழு வற்றத்துக்கும் மாற்றாமல் எறியுங்கள்.

ஏன் ரப்பர் மீன்? வெள்ளாற்றில் கொடுவா அதிகம் தின்பது மடவைக் குஞ்சும் இறாலும்தான். வாலை ஆட்டிக்கொண்டு வரும் ரப்பர் மீன் மடவைக் குஞ்சைப் போலவே இருக்கும். கடினப் பிளாஸ்டிக் மீன் ஒவ்வொன்றும் அதற்கென்று அமைந்த ஆழத்தில்தான் நீந்தும். ரப்பர் மீனை நீங்கள் நினைத்த ஆழத்தில் ஓட்டலாம். ஒற்றை முள் மேல்நோக்கி நிற்பதால் சிப்பி ஒட்டிய கல்லிலும் அலையாத்தி வேரிலும் மாட்டுவது குறைவு. மாட்டி அறுந்தாலும் பெரிய இழப்பில்லை, அதனால் பயமில்லாமல் வேருக்குப் பக்கத்தில் எறிவீர்கள். இழந்துவிடுவோமோ என்று பயந்து நடு ஆற்றில் எறிபவருக்குக் கொடுவா கிடைப்பது அரிது.

எறிந்ததும் சுற்றத் தொடங்காதீர்கள். ஈயம் தரையைத் தொட்டதும் தூண்டில் நரம்பு தளர்ந்து தொய்யும். அப்போது கோலை மணிக்கட்டு அசைவில் ஒரு முழம் உயர்த்துங்கள், இரையை மறுபடி இறங்க விடுங்கள், தொய்வை மட்டும் சுற்றி எடுங்கள். பெரும்பாலான கடி இறங்கும்போதுதான் வரும். கொடுவா இரையைக் கவ்வி இழுப்பதில்லை. வாயை அகலத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். மேற்பரப்பில் அது இரை எடுத்தால் 'பொளக்' என்று சத்தம் கேட்கும். அடியில் எடுத்தால் நரம்பில் ஒரு சின்ன 'டக்' மட்டும் விரலுக்குத் தெரியும். நீங்கள் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தால் அந்த 'டக்' தெரியாமலே போய்விடும்.

உங்கள் ஐந்து ஞாயிறுகளும் வீணானதற்கு இரை காரணமாக இருக்காது, நேரம்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த மணிக்குப் போனீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தண்ணீர் ஓடாமல் நிற்கும் வேளையில் கொடுவா வாய் திறப்பது அபூர்வம். நம் கரையில் ஏற்றமும் வற்றமும் ஒரு மீட்டர் அளவுக்குள்தான் என்பதால் ஓட்டமுள்ள நேரம் இன்னும் அரிதானது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், வற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரம் விடியலிலோ அந்தியிலோ வரும்படி பார்த்துப் போங்கள். சின்ன ஓடை ஒன்று ஆற்றில் இறங்கும் வாயைத் தேடுங்கள். வற்றும் தண்ணீரோடு குஞ்சு மீன்கள் அங்கே வெளியே வந்தாக வேண்டும். கொடுவா தூணின் மறைவிலோ வேரின் மறைவிலோ ஓட்டத்தை எதிர்நோக்கி நின்றுகொண்டு, எது வருகிறது என்று பார்க்கும். இரை ஓட்டத்தோடு அதன் முகத்துக்கு வர வேண்டும். வாலுக்குப் பின்னாலிருந்து வரக்கூடாது.

நிறம் கேட்டீர்கள். தெளிந்த நீரில் வெள்ளை அல்லது வெள்ளி, கலங்கிய நீரில் கறுப்பு அல்லது பொன். அவ்வளவுதான்.

மேலே சொன்னதற்கு ஒரே விலக்கு மழைக்காலம். அதை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீங்கள் வேறொரு ஆற்றில் நிற்கிறீர்கள். வெள்ளாறு செம்பழுப்பாக ஓடும். பார்ப்பவருக்கு முழு ஆறும் கலங்கியதாகத் தெரியும். ஆனால் மழைத் தண்ணீர் லேசானது, மேலே மிதக்கும். கனமான உப்புத் தண்ணீர் அதற்குக் கீழே, தரையோடு நாக்கு நீட்டியது போல் உள்ளே வரும். சிறு மீன்களும் கொடுவாவும் அந்தக் கீழ் அடுக்கை ஒட்டியே இருக்கும். பத்து கிராம் ஈயம் மேல் ஓட்டத்திலேயே அடித்துச் செல்லப்பட்டுவிடும். அப்போது இருபது கிராமுக்குப் போங்கள், கறுப்பு ரப்பர் மீனைப் போடுங்கள், பாதி வேகத்தில் ஓட்டுங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாத நீரில் கொடுவா தன் உடலின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோட்டு உணர்வால் அதிர்வைப் பிடிக்கும், எனவே வால் தடித்த ரப்பர் நல்லது. உள்ளே குண்டு உருண்டு கிலுகிலுக்கும் இரை இருந்தால் அதையும் இந்த மூன்று மாதத்தில் தாராளமாகப் போடலாம். கலங்கலும் தெளிவும் சந்திக்கும் கோடு ஒன்று ஆற்றின் மேல் நுரையாகத் தெரியும். அந்தக் கோட்டின் மேலேயே எறியுங்கள். ஒரு நவம்பரில் மூன்று மணி நேரம் ஆற்றின் நடுவில் எறிந்து ஓய்ந்த பிறகு, நுரைக் கோட்டில் போட்ட மூன்றாவது எறிதலில் எனக்கு மீன் கிடைத்தது. வெள்ளம் வந்த முதல் இரண்டு நாட்கள் மட்டும் போகாதீர்கள். ஆகாயத்தாமரைதான் முள்ளில் வரும்.

இனி அந்தப் பெட்டியைப் பற்றி. பெயர் பெற்ற ஜப்பானிய இரையின் அச்சை அப்படியே நகல் எடுத்து, அதில் மெல்லிய மும்முள்ளைக் கோத்து விற்கிறார்கள். உங்கள் பெட்டியிலிருந்து ஒரு முள்ளை எடுத்துக் குறடால் லேசாக விரித்துப் பாருங்கள். ஈயக் கம்பி போல நிமிர்ந்தால் அது கொடுவாவின் முதல் ஓட்டத்திலேயே நிமிர்ந்துவிடும். நானும் இப்படி ஒரு பெட்டிக்குப் பணம் கொடுத்தவன். இரண்டு நல்ல மீன்களை இழந்த பிறகுதான் முள்ளைப் பார்த்தேன். நாற்பது இரை விற்பவர், முள்ளுக்கு முன்னால் கட்டும் தடித்த லீடர் நரம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை, அதில் லாபம் இல்லை. கொடுவாவின் செவுள் மூடி ஓரம் சவரக் கத்தி போலிருக்கும், வாய்க்குள் இருப்பது உப்புத்தாள். மெல்லிய பின்னல் நரம்பை நேராக முள்ளில் கட்டினால் அறுந்துவிடும். நாற்பது பவுண்டு இழுவை தாங்கும் லீடர் ஒரு மீட்டர் கட்டுங்கள். காசு செலவழிக்க வேண்டிய இடம் அதுதான்.

கரையில் வந்து, "பிச்சாவரம் உள்ளே அனுமதி வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்பவரிடமும் ஏமாறாதீர்கள். அது காப்புக்காடு. அனுமதி தர அதிகாரம் வனத்துறைக்குத்தான். எங்கே நின்று தூண்டில் போடலாம், எங்கே கூடாது என்று கரையில் தெளிவான பலகை வைத்திருந்தால் இந்த இடைத்தரகர்களுக்குப் பிழைப்பே இருந்திருக்காது. பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இதைவிட என்னை வருத்துவது முகத்துவாரங்கள். கொடுவா ஆற்றிலும் உப்பங்கழியிலும் வளர்ந்தாலும் முட்டையிடக் கடலோரத்துக்குப் போயாக வேண்டிய மீன். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-லேயே அதைச் செயற்கையாகக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியது. அதே சென்னையில் அடையாற்றின் வாயை மணல் திட்டு மூடிக்கொண்டே இருக்கிறது. அள்ளுகிறார்கள், மறுபடி மூடுகிறது. குஞ்சு பொரிக்கத் தெரிந்த அரசுக்கு, இருக்கிற மீனின் வழியைத் திறந்து வைப்பது இவ்வளவு கடினமா?

இன்னும் இரண்டு விஷயங்கள். வெள்ளாற்றுப் பக்கம் இரை மரக்கிளையில் மாட்டினால், அது தில்லை மரமா என்று முதலில் பாருங்கள். தில்லையை ஒடித்தால் வடியும் வெள்ளைப் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். கிளையைப் பிடித்து இழுக்காதீர்கள், நரம்பை அறுத்துவிட்டு வாருங்கள்.

கொடுவா பிறவியில் ஆண், நன்றாக வளர்ந்த பிறகே பெண்ணாக மாறும். எனவே ஒரு மீட்டரை நெருங்கும் மீன் உங்களுக்குக் கிடைத்தால் அது பெரும்பாலும் முட்டையிடும் தாய். கீழ்த்தாடையைப் பிடித்து, வயிற்றை மறுகையால் தாங்கி, செவுளுக்குள் விரல் விடாமல் முள்ளை எடுத்து, ஓட்டத்துக்கு எதிரே முகம் வைத்துத் தண்ணீரில் பிடித்திருங்கள். வாலை அடித்துத் தானாகவே கையை விட்டுப் போகும்.